திரைச்சீலையில் விழுந்த வெட்டு

அத்தியாயம் ஏழு

போர்ட் கேரல் ஊரில் ஒரு வீடு பெரிய வீடு என்று பெயரெடுக்க வேண்டுமானால் வாசலில் வெள்ளைத் தூண்கள் வேண்டும், கூடத்தில் காலஞ்சென்ற ஒரு சீமாட்டியின் ஓவியம் வேண்டும், அந்த ஓவியத்தில் ஒரு வெட்டும் வேண்டும். வடக்கத்திச் சிப்பாய் வாளால் வெட்டிய வெட்டு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற பெரிய வீட்டார் அந்த வீட்டாரை விருந்துக்கு அழைப்பார்கள், ஆனால் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள்.

இத்தனைக்கும் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரில் இந்த ஊர் மீது ஒரு குண்டுகூட விழவில்லை. வடக்கத்திப் பட்டாளம் மிசிசிப்பி ஆற்றில் படகிலிருந்து இறங்கியதும் ஊர்ப் பெரியவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சரணடைந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார்கள். ஆனாலும் வீட்டுக்கு வீடு ஓவியம் வெட்டுப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் நம்பினால், அந்தச் சிப்பாய்களுக்குப் போர் செய்ய நேரமே கிடைத்திருக்காது.

வெட்டுகளிலேயே பேர்போனது ஃபேர்லீ மாளிகையின் வெட்டு. அங்கே கூடத்தில் தொங்கிய லாவினியா ஃபான்ட்ரென், கண்ணுக்கெட்டிய வரை பருத்திக்காடும் அதில் குனிந்து நிற்க நூற்றுக்கணக்கான அடிமைகளும் வைத்திருந்தவள். கருநீலப் பட்டும் கழுத்தில் லேஸுமாக, சிவப்புத் திரைச்சீலைக்கு முன்னால் விசிறியோடு உட்கார்ந்திருப்பாள். வெட்டோடு சேர்த்து அவளைப் பட அட்டையாக அச்சடித்து வாசலில் விற்கிறார்கள். ஊரில் அந்த அட்டை இல்லாத வீடு இல்லை.

அந்த லாவினியாதான் நேற்றுச் சாயங்காலம், தங்கச் சட்டத்தை மட்டும் சுவரில் விட்டுவிட்டுக் காணாமல் போயிருந்தாள்.

“எவ்வளவு நேரம் அந்த அட்டையையே பாப்பீங்க சார்? அந்தம்மா செத்து நூறு வருஷம் ஆகப் போகுது. திரும்பிப் பாத்து சிரிக்கவா போறாங்க,” என்றாள் வெர்லீன் கேஜ்.

ஃபேர்லீ வாசலில், காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஹோரஸ் டாலிவர் மெம்ஃபிஸ் நகரத்துக் காப்பீட்டுக் கம்பெனியின் துப்பறிவாளர். கறுப்பர்களில் அந்த வேலைக்கு வந்த முதல் ஆள். பெரிய உடம்பு, சின்னக் குரல். வெர்லீன் அவருக்குக் காரோட்டுவாள், தட்டெழுதுவாள், அவர் பேசத் தயங்குவதையெல்லாம் பேசுவாள். சம்பளம் என்னவோ ஒரு வேலைக்குத்தான்.

“இதுல நீ என்ன பாக்குற?” என்று அட்டையை நீட்டினார் டாலிவர்.

“மூணு வேளையும் நல்லாச் சாப்பிட்ட ஒரு பொம்பளை. கையில விசிறி. ஆனா விசிறினது வேற யாரோ.”

“வெட்டு?”

“பின்னாடி திரையில இருக்கு. கீழேருந்து கோணலா ஏறி, தோளுக்குப் பக்கத்துல வந்து நின்னுடுது.”

“தோள்மேல படுதா?”

“இல்ல. ஒரு விரல் தள்ளி நிக்குது. ஏன்?”

“சும்மாதான்,” என்று அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் சும்மா என்று சொன்னால் சும்மா இல்லை என்பது வெர்லீனுக்குத் தெரியும். வேறு நாளாக இருந்தால் நோண்டிக் கேட்டிருப்பாள். இன்று அவள் வாயில் கிண்டல் வந்துகொண்டிருந்தது பழக்க தோஷத்தால்தான்.

ஷெரீப்பின் சிறையில் அந்த ஓவியத்துக்காக உள்ளே இருப்பவன் க்ளோவிஸ். வெர்லீனின் கூடப்பிறந்த அண்ணன்.

இருபது வருஷத்துக்கு மேலாக ஃபேர்லீ வீட்டில் மேசை நாற்காலி தூக்குவதும் படம் மாட்டுவதும் அவன்தான். வசந்த காலத்தில் ஊரின் பழைய மாளிகைகளை டிக்கட் போட்டுத் திறந்துவிடுவார்கள். வீட்டுக்காரப் பெண்மணிகள் உள்ளே வளையங்கள் வைத்து விரித்த அந்தக் காலத்துக் கூண்டுப் பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்பார்கள். நேற்றுச் சனிக்கிழமை, கடைசிப் பார்வையாளரும் போன பிறகு ஜன்னல் சாத்த வந்த க்ளோவிஸ்தான் காலிச் சட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டான். முதலில் சத்தம் போட்டவனையே ஷெரீப் பிடித்துக்கொண்டார். சட்டத்தின் பின்பக்கப் பிடிப்புகள் தளர்த்தப்பட்டிருந்தன. “புதன்கிழமை ஜாக்ஸன்லேருந்து படத்தச் சுத்தம் பண்றவர் வர்றாரு, லேசா மாட்டி வைன்னு மிஸ் ஜார்ஜியானாதான் சொன்னாங்க,” என்றான் க்ளோவிஸ். “அப்படி ஒண்ணும் சொன்ன ஞாபகம் இல்லையே,” என்றாள் வீட்டுக்காரி மிஸ் ஜார்ஜியானா. ஒரு பக்கம் ஃபான்ட்ரென் வீட்டு வாரிசு, ஒரு பக்கம் படம் மாட்டுகிறவன். விலங்கு போட வேறென்ன வேண்டும். நாளைக் காலை நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். அதற்கப்புறம் மீட்பது கடினம். இந்த மாவட்டத்து ஜூரிகள் ஃபான்ட்ரென் பெயர் அடிபடும் வழக்கில் தனியே கூடிப் பேசக்கூட மெனக்கெட மாட்டார்கள்.

“அவங்களுக்குத் தெரியுமா, நீ யார்னு?” என்று கேட்டார் டாலிவர்.

“கல்யாணமாகிப் பேரு மாறிடுச்சு. பேரு மாறலைன்னாலும் தெரியாது. அந்த வீட்ல அவனுக்குப் பேரே க்ளோவிஸ் மட்டும்தான். அதுக்கு மேல ஒரு குடும்பம் இருக்கும்னு யாரும் யோசிச்சதில்ல.”

டாலிவர் கதவைத் திறந்து இறங்கினார். “வா. படம் வீட்ட விட்டு எப்படிப் போச்சுன்னு கண்டுபுடிப்போம். யார் எடுத்தாங்கங்கிறது அதுக்குப் பின்னாடியே வரும்.”

வாசல் மரத்தடியில் டிக்கட் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் மிஸ் பிட்ஸி கல்பெப்பர். அடுத்த மாளிகைக்காரி. அவள் வீட்டு ஓவியத்தில் இரண்டு வெட்டு உண்டு என்பதால் தலை எப்போதும் கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். இன்று செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கூண்டுப் பாவாடையின் முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருப்பதையும் பொருட்படுத்தாமல், கால்களைப் புல்லில் நீட்டியிருந்தாள்.

“இன்சூரன்ஸா? நல்லாக் கேளுங்க,” என்றாள், அவர்கள் ஒன்றுமே கேட்காதபோதே. “நேத்து எங்களயெல்லாம் நிக்க வெச்சே சாகடிச்சுட்டா ஜார்ஜியானா. காலப் பாருங்க. பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு.”

“ஏன்மா, நாற்காலி இல்லையா?” என்றாள் வெர்லீன்.

“நாற்காலிக்கு என்ன பஞ்சம். வீட்டுக்காரி நிக்கிறப்ப விருந்துக்கு வந்தவ எப்படி உக்காருறது? எங்கம்மா அப்படியா என்னை வளத்தா? ஷெர்ரி ஒயின் குடுத்தாங்க, அவ நின்னா. கேக் குடுத்தாங்க, நின்னா. போதகர் வந்தாரு, படம் காணாமப் போச்சு, ஷெரீப் வந்தாரு, எல்லாத்துக்கும் தூண் மாதிரி நின்னா. அவளால நாங்களும் நின்னோம்.”

“அவங்களுக்கு முழங்கால் வலின்னு ஊருக்கே தெரியுமே.”

“அதத்தான் சொல்ல வர்றேன். போன வருஷம் சீசன் முழுக்க நாற்காலிய விட்டு எழுந்திரிக்கல. உக்காந்த இடத்துலேருந்தே மகாராணி மாதிரி கை நீட்டினா. இந்த வருஷம் என்னமோ இளமை திரும்புது. இன்னிக்கும் காலைலேருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கா.”

வெர்லீன் டாலிவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

“ஷெரீப் எல்லாரையும் சோதனை போட்டாரா?” என்றார் டாலிவர், மேசையிலிருந்த பட அட்டைகளை அடுக்கிக்கொண்டே.

“ஒண்ணு விடல. கார் டிக்கி, பூக்கூடை, பாட்டுக்காரங்க பொட்டி, சமையல்கட்டு மாவு டப்பா. என் பவுடர் டப்பாவத் தெறந்து ஊதிக்கூடப் பாத்தாரு. வீட்டுக்குள்ள மெத்தையக் குத்திப் பாத்தாங்க. இன்னிக்கும் மேல ரெண்டு பேரு தேடிக்கிட்டு இருக்காங்க. ஆனா எங்களுக்கு ஒரு குறை வெக்கல. தொப்பிய எடுத்துட்டு, ஒவ்வொருத்தரையா கையப் புடிச்சுப் படி இறக்கி விட்டாரு. நல்ல வளர்ப்பு.”

“நல்ல வளர்ப்புதான்,” என்றாள் வெர்லீன். அவள் கண் மிஸ் பிட்ஸியின் பாவாடைக் கூண்டுக்குள் போய்விட்டுத் திரும்பியது. உள்ளே ஒரு கோழிக்கூடு வைக்கலாம்.

மிஸ் பிட்ஸி குரலைத் தாழ்த்தினாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் சில சமாச்சாரங்களைத் தாழ்த்திச் சொன்னால்தான் ருசி. “இதவிடக் கூத்து கேளுங்க. இப்ப ஆத்துக்கு அக்கரை லூசியானாவுல தங்கச்சி வீட்டுக்குப் போறாளாம். இந்தப் பாவாடையோடவே. கார்ல அது எங்க நுழையும்? ஷெரீப்போட ஆளு, டெபுடி ஸ்பைவியோட பிக்கப் வண்டியில, பின்னாடி நின்னுக்கிட்டே போறாளாம். கல்யாணமாகாத சின்னப் பொண்ணுங்க அப்படிப் போவாங்க. இவளுக்கு வயசு என்ன?”

கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் வெர்லீன் வாயைத் திறந்தாள். “சார், ஷெரீப் தேட வேண்டியத எல்லாம் தேடிட்டாரு.”

“தேடக் கூடாததத் தவிர.”

“எங்கண்ணன் பிக்கப்பைப் பலகை பலகையாப் பிரிச்சுப் போட்டாங்க. இப்ப போலீஸ் பிக்கப்பே திருட்டுப் பொருள ஏத்திக்கிட்டு, அடுத்த மாநிலத்துல பத்திரமா இறக்கிவிட்டுட்டு வரப் போகுது.” சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. “போய்ச் சொல்லிடுவோம், சார்.”

“என்னன்னு சொல்லுவ? மிஸ் ஜார்ஜியானா ஃபான்ட்ரென் உக்காரலைன்னா? நான் அந்தப் பாவாடைப் பக்கம் கை நீட்டினா, உங்கண்ணன் பக்கத்து அறையில என்னையும் போடுவாங்க. அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா.”

அதில் கிண்டல் இல்லை. வெர்லீனும் பதிலுக்குக் கிண்டல் தேடவில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததும் காலிச் சட்டம்தான் முதலில் கண்ணில் பட்டது. இடுப்பு உயரத்திலிருந்து தொடங்கி ஆள் தலைக்கு மேல் வரை இருந்த பொன் சட்டம். அகலமான பூவேலை போக, உள்ளே படம் இருந்த இடம் ஒரு சின்ன ஜன்னலளவுதான். அதற்குப் பக்கத்தில் சாம்பல் பட்டுப் பாவாடை கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்க, நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றாள் மிஸ் ஜார்ஜியானா ஃபான்ட்ரென். நிமிர்ந்த முதுகு, வெளிறிய முகம். மேலுதட்டில் வியர்வை. சாப்பாட்டறைக்குள் கடைசிக் கூட்டத்துக்கு வழிகாட்டி ஒருத்தி வெள்ளிப் பாத்திரங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே டெபுடி லோனி ஸ்பைவி தன் பிக்கப்பின் பின்பலகையை இறக்கி, ஏறுவதற்குப் படி வைத்துக்கொண்டிருந்தான்.

“நான் கெளம்புறேன், ஹோரஸ்,” என்றாள் மிஸ் ஜார்ஜியானா. டாலிவர் கொடுத்த விசிட்டிங் கார்டில் மிஸ்டர் ஹோரஸ் டாலிவர் என்றுதான் அச்சடித்திருந்தது. “உன் கேள்விய எல்லாம் ஷெரீப்கிட்டக் கேட்டுக்கோ.”

“ஒரே கேள்விதான்மா. இந்த வெட்டோட கதைய உங்க வாயால கேக்கணும்னு ஆசை.”

அந்தக் கதையை மறுக்க அவளால் முடியாது. நாற்பது வருஷமாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கேட்டதும் தானாக வாயில் வந்துவிடும். “வடக்கத்தி மேஜர் ஒருத்தன் குதிரையோட இந்தக் கூடத்துக்குள்ள வந்தான். வெள்ளிச் சாமான் எங்கேன்னு கேட்டான். லாவினியா சொல்ல மாட்டேன்னுட்டா. அவ மேல இருந்த கோவத்துல வாள உருவி, அவ படத்து மேல வீசினான்.”

“ரொம்பக் கோவமா?”

“கண்ணு மண்ணு தெரியாத கோவம்.”

“நன்றிம்மா,” என்றார் டாலிவர். அவர் முகம் சட்டென்று தெளிந்ததை வெர்லீன் பார்த்தாள். எதுவோ பிடிபட்டுவிட்டது. ஆனால் என்ன பிரயோஜனம்? அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்தப் பாவாடைக்கும் அவருக்கும் நடுவில் நாலடி தூரம்தான், ஆனால் அதைத் தாண்டும் ஆண்பிள்ளை இந்த மாநிலத்தில் இன்னும் பிறக்கவில்லை.

வெளியே பிக்கப் எஞ்சின் உறுமியது. “தயார்மா,” என்று குரல் கொடுத்தான் டெபுடி.

மிஸ் ஜார்ஜியானா நாற்காலியை விட்டாள். ஒரு எட்டு வைத்தாள். பாவாடை மணிபோல ஆட வேண்டும், ஆடவில்லை. ஒரு பக்கம் கனத்து, கட்டையாக நகர்ந்தது. இன்னும் பத்து எட்டு நடந்தால் வாசற்படி. அப்புறம் பாலம், அப்புறம் லூசியானா. நாளைக் காலை நீதிபதி.

அவள் யோசித்துச் செய்தாள் என்று பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள். யோசிக்கவில்லை. தோளில் தொங்கிய பையிலிருந்து இரண்டு குண்டூசியை எடுத்து உதட்டில் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, குரலை முழுதாக மாற்றிக்கொண்டு முன்னால் போனாள்.

“அய்யோ, மிஸ் ஜார்ஜியானாம்மா, பாவாடை ஓரம் பிரிஞ்சு தொங்குதே. படியில தடுக்கிடும். ஒரு நிமிஷம் நில்லுங்க, குத்தி விட்டுடறேன்.”

முழங்காலிட்டாள்.

மிஸ் ஜார்ஜியானா நின்றாள். அவள் யோசித்திருந்தால் நின்றிருக்க மாட்டாள். ஆனால் காலடியில் ஒரு கறுப்புப் பெண் குண்டூசியோடு முழங்காலிட்டால் கையைச் சற்றே விரித்து, முகத்தை நிமிர்த்தி, அசையாமல் நிற்க வேண்டும் என்று அவள் உடம்புக்கு நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யார் இவள் என்று கீழே பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உடம்பு நின்றது. அறிவு வந்து சேர்வதற்குள் வெர்லீனின் கை ஓரத்துக்கு உள்ளே போய்விட்டது.

முதலில் கூண்டின் வளையம். அதற்கு உள்ளே, நாடாவில் கட்டித் தொங்கியபடி, ஒரு மரப்பட்டி. இழுத்துக் கட்டிய துணி. விரலில் மொரமொரவென்று உலர்ந்த வண்ணம் பட்டது.

“சார்,” என்றாள் வெர்லீன், குண்டூசிகளை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு. “மிஸ் லாவினியா உள்ளதான் இருக்காங்க. சௌக்கியமா இருக்காங்க.”

சாப்பாட்டறையிலிருந்து வழிகாட்டியின் குரல் கேட்டது. கரண்டிகளின் எடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாவாடைய விடு,” என்றாள் மிஸ் ஜார்ஜியானா, உதடு அசையாமல்.

“விட மாட்டேன்மா. இழுக்கவும் மாட்டேன். இப்படியே புடிச்சுக்கிட்டு இருப்பேன். நீங்க நடந்தா கிழியும்.”

“யாரு நீ?”

“க்ளோவிஸோட தங்கச்சி.”

“க்ளோவிசுக்குத் தங்கச்சி இருக்காளா?”

நடிப்பில்லை. நிஜமாகவே அவளுக்கு அது செய்தி.

டாலிவர் இரண்டடி தள்ளி நின்றபடியே பேசினார், சின்னக் குரலில். “நேத்து ராத்திரி வரைக்கும் நானும் இன்சூரன்ஸ் பணத்துக்காகத்தான்னு நெனச்சேன். ஆனா நீங்க பணம் கேட்டு மனுவே போடல. கம்பெனிக்குப் போன் பண்ணது ஊர் மாதர் சங்கம்.”

“பணத்துக்காக? நானா?” அந்த நிலையிலும் அவளுக்கு அதுதான் அவமானமாகப் பட்டது.

“இல்லம்மா. வெட்டுக்காக.” சட்டைப் பையிலிருந்து பட அட்டையை எடுத்தார். “கண்ணு மண்ணு தெரியாத கோவத்துல குதிரை மேலேருந்து வாள வீசினவன் எத வெட்டுவான்? மூஞ்சிய. கழுத்த. இந்த வெட்டப் பாருங்க. மூஞ்சியத் தொடல. பட்டத் தொடல. லேஸ்ல ஒரு இழையத் தொடல. யாருக்கும் வேண்டாத திரையில புகுந்து, தோளுக்குக் கிட்ட வந்ததும் பயந்து நின்னுடுச்சு. வெட்டின கைக்கு இந்தப் படத்து மேல கோவமே இல்ல. கொள்ளைப் பிரியம்.”

மிஸ் ஜார்ஜியானா அட்டையைப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் விற்றவளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது.

“ஊர்ல இருக்கிற எல்லா ஓவியத்தையும் சுத்தம் பண்ண மாதர் சங்கம் ஜாக்ஸன்லேருந்து ஆளக் கூப்பிட்டிருக்கு. உங்களால வேண்டாம்னு சொல்ல முடியல. அந்தாளு பாத்த மாத்திரத்துல சொல்லிடுவாரு, இந்த வெட்டு போர் நடந்தப்ப விழுந்ததில்ல, ஊர்ல வீடு பாக்க டிக்கட் போட ஆரம்பிச்சப்ப விழுந்ததுன்னு. அப்ப உங்களுக்கு என்னம்மா வயசு?”

பதில் வராது என்றுதான் வெர்லீன் நினைத்தாள்.

“பதினாறு,” என்றாள் மிஸ் ஜார்ஜியானா. “பிட்ஸி வீட்ல ரெண்டு வெட்டு இருந்துது. எங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல. பஸ் பஸ்ஸா வந்தவங்க எங்க வாசலத் தாண்டி அவங்க வீட்டுக்குப் போனாங்க. அம்மா படத்தப் புடிச்சுக்கிட்டாங்க. நான்… கேக் வெட்டுற கத்தி.”

போர்ட் கேரலைப் படையெடுத்து வந்த அந்த வடக்கத்தி மேஜர், பதினாறு வயதில், அம்மா பிடித்துக்கொள்ள, கேக் கத்தியோடு நின்றிருக்கிறான். வேறு எந்த நாளாக இருந்தாலும் வெர்லீன் இதை வைத்து ஒரு வருஷம் சிரித்திருப்பாள்.

“கேக் கத்திக்காக எங்கண்ணன் உள்ள இருக்கான்,” என்றாள்.

“ரெண்டு மூணு வருஷம்தான் போடுவாங்க,” என்றாள் மிஸ் ஜார்ஜியானா. “வந்ததும் மறுபடி வேலைக்கு வெச்சுக்கலாம்னு இருந்தேன். அவன் இடத்துல வேற யாரையும் போடறதா இல்ல.”

அதை அவள் பெருந்தன்மையாகச் சொன்னாள். திட்டியிருந்தால்கூட வெர்லீன் தாங்கியிருப்பாள். பட்டைச் சுருட்டி முஷ்டிக்குள் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

“டெபுடியக் கூப்பிடுங்க. நீங்களே சொல்லுங்க.”

“ஜனங்க வெளிய வரப் போறாங்க.”

“அவனுக்கும் ஜனங்க முன்னாடிதான் விலங்கு போட்டாங்க.”

சாப்பாட்டறைக் கதவு திறந்தது. ஓஹையோவிலிருந்தோ எங்கிருந்தோ வந்த பார்வையாளர்கள் கூட்டமாக வந்து, பெரிய பாவாடைக்கு முன்னால் ஒரு பெண் முழங்காலிட்டிருக்கும் காட்சி டிக்கட்டில் சேர்ந்தது என்று நினைத்து ஆவலாக நின்றார்கள். ஒருவர் கேமராவைக்கூட எடுத்தார். டெபுடி ஸ்பைவி வாசலில் தலையை நீட்டினான். “போலாமாம்மா?”

மிஸ் ஜார்ஜியானா கேமராவைப் பார்த்தாள், டெபுடியைப் பார்த்தாள். கடைசியில் முதன்முறையாகக் கீழே பார்த்தாள்.

“லோனி. படம் எங்கிட்டதான் இருக்கு. க்ளோவிஸ் எடுக்கல. சட்டத்தத் தளத்தி வைக்கச் சொன்னது நான்தான்.”

“எங்கம்மா இருக்கு?” டெபுடி மாடிப்படியைப் பார்த்தான், அலமாரியைப் பார்த்தான், கூரையைக்கூடப் பார்த்தான். வேறு எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க, டெபுடி,” என்றாள் வெர்லீன்.

அவன் காது சிவந்து, தொப்பியை மார்போடு பிடித்துச் சுவரைப் பார்த்துத் திரும்பினான். டாலிவரும் திரும்பினார். கேமராக்காரரைத் தோளைப் பிடித்துத் திருப்பியது அவர் மனைவி. மிஸ் ஜார்ஜியானா மடிப்புக்குள் கையை விட்டு நாடாவை அவிழ்த்தாள். சாம்பல் பட்டின் ஓரத்தை ஒரு கையால் தூக்கி, மறு கையால் மெல்ல வெளியே எடுத்தாள் வெர்லீன். லாவினியா ஃபான்ட்ரென் முகம் முதலில் வந்தது. அத்தனை பருத்திக்காட்டுக்கும் சொந்தக்காரி, தரையோடு தரையாக, பேத்தி முறைக்காரியின் உள்பாவாடைக்கடியிலிருந்து ஊரைப் பார்த்தாள். விசிறி கையிலேயே இருந்தது.

வெர்லீன் படத்தைச் சுவரில் சாய்த்தாள். ஆனால் பாவாடை ஓரத்தை விடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

கூடத்துத் தொலைபேசியில் டெபுடி சிறைக்குப் பேசினான். பேசிவிட்டு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். “ஷெரீப் மீன் புடிக்கப் போயிருக்காராம். அவர் வந்து கையெழுத்துப் போடணும். நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்றாங்க.”

“அப்ப நானும் நாளைக்கு எழுந்திரிக்கிறேன்,” என்றாள் வெர்லீன்.

கூட்டம் நகரவில்லை. மிஸ் ஜார்ஜியானா பின்னால் இருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். உட்கார ஒரு எட்டு பின்னால் வைக்க வேண்டும், அந்த ஒரு எட்டு வெர்லீனின் முஷ்டிக்குள் இருந்தது. கிழவி கையை நீட்டினாள். டெபுடி ரிசீவரைக் கொடுத்தான்.

“நான் ஜார்ஜியானா ஃபான்ட்ரென் பேசறேன்,” என்றாள். “க்ளோவிஸத் தெறந்து விடு. இல்ல, இப்பவே. நான் போன வைக்க மாட்டேன்.”

கொஞ்ச நேரம் ஆயிற்று. இரும்புச் சத்தம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மிஸ் ஜார்ஜியானா அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் ரிசீவரை எட்டப் பிடித்தாள். டெபுடி அதை வாங்கி, கம்பியை நீளமாக இழுத்துக்கொண்டு வந்து, குனிந்து, வெர்லீனின் காதில் வைத்தான்.

“யாரு?” என்றது க்ளோவிஸின் குரல்.

“நான்தாண்ணே.”

“என்ன மூச்சு வாங்குது? எங்க இருக்க?”

“முட்டி போட்டிருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமையாச்சே. கோயில்லயா?”

“இல்லண்ணே. வேலையா வந்தேன். வெளிய வந்துட்டியா நீ? கதவுக்கு வெளியவா நிக்குற?”

“வெளியதான் நிக்கறேன். என் பெல்ட்டத் தேடிக்கிட்டு இருக்காங்க.”

“பெல்ட் கிடக்குது. கால் சட்டையப் புடிச்சுக்கிட்டு நட. நான் காரெடுத்துக்கிட்டு வர்றேன்.”

அப்புறம்தான் வெர்லீன் விரல்களைப் பிரித்தாள். பட்டில் அவள் கைப்பிடி மடிப்பு மடிப்பாக அப்படியே நின்றது.